வசதியுள்ள இடங்களில் மட்டும்

அச்சில் இருப்பது பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் இரண்டு வகை. வாசிக்கத் தெரியாதவர்கள் ஒரு வகை. அவர்கள் வீட்டில் முதன்முதலாக வாசிக்கத் தெரிந்தவன் மற்ற வகை. இரண்டாவது ஆள்தான் ஆபத்தானவன். நான் அந்த இரண்டாவது ஆள்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் அப்பாவுக்குப் பள்ளிக்கூடம் எட்டவில்லை. அம்மாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அதுவும் யாரும் அவசரப்படுத்தாவிட்டால். ஆகவே எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டின் வாசிப்பு இலாகா என்னிடம்தான் இருந்தது. கரண்ட் பில், கலியாணக் காட், உரப்பை, பூச்சிமருந்துப் போத்தல் எல்லாம் நான் வாசிப்பேன், அப்பா தலையாட்டுவார். நான் வாசித்தால் அது சட்டம். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று பூச்சிமருந்துப் போத்தலை வாசித்துக் காட்டிய அன்று, அப்பா கதிரையில் ஏறி அதைக் கூரை வளையில் கட்டினார். பிறகு மருந்தடிக்கிற நாளெல்லாம் அந்தக் கதிரையைத் தேடினார்.

இப்படி வளர்ந்த பிள்ளை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கித் தமிழில் சிறப்புப் பட்டமும் பெற்று, வேலையில்லாப் பட்டதாரியாகத் தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினால் எப்படி இருப்பான்? (வேலையில்லாப் பட்டதாரி என்பது எங்கள் பக்கத்தில் ஒரு நிலைமை அல்ல, ஒரு பதவி.) ஊரில் எதைக் கண்டாலும் திருத்தவேண்டும் போலிருந்தது எனக்கு. அதற்கு முதலில் அகப்பட்டது கோயில் அன்னதானம்.

அந்த வருசம் திருவிழாவுக்குச் சற்று முன்பு அடித்த காற்றில் ஊர் வாழையெல்லாம் நார்நாராகக் கிழிந்துபோய்விட்டது. இலை இல்லை. கோயில் சபைக் கூட்டத்தில், சாப்பாட்டுப் பார்சல் கட்டுகிற லஞ்ச் சீற்றை விரித்துச் சோறு போடுவோம் என்று முடிவெடுக்கப் போனார்கள். நான் எழும்பினேன். பொலித்தீன் மண்ணில் எத்தனை தலைமுறைக்குக் கிடக்கும், மாட்டின் வயிற்றில் என்ன செய்யும் என்றெல்லாம் விளக்கினேன். சபைத் தலைவர் இரண்டு தரம் கொட்டாவி விட்டார். அதன் பிறகு பையிலிருந்து மந்திரவாதி மாதிரி ஒரு கடதாசித் தட்டை எடுத்தேன். யாழ்ப்பாணம் ரவுனில் வாங்கியது, கொழும்புக் கம்பனி ஒன்றின் தயாரிப்பு. பின்பக்கத்தில் மூன்று பச்சை அம்புகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. கீழே எழுதியிருந்ததை வானொலிச் செய்தி மாதிரி வாசித்தேன்:

"முற்றிலும் மீள்சுழற்சி செய்யத்தக்கது."

தலைவர் அரிசி ஆலை வைத்திருப்பவர். எதையும் உமி நீக்கித்தான் பார்ப்பார். மீள்சுழற்சி என்றால் என்ன என்று கேட்டார். பாவித்ததைத் திரும்ப எடுத்துப் புதிதாகச் செய்வது என்றேன்.

"ஆர் எடுக்கிறது?"

"எடுப்பினம்."

"அதுதான் தம்பி, ஆர்?"

"அதுக்கெண்டு ஆக்கள் இருக்கினம், அண்ணை."

(யார் அந்த ஆட்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அம்புக்குறி போட்டிருக்கிறதே, பின்னாலே ஆள் இல்லாமலா போடுவார்கள்?)

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்போது பின்வரிசையில் ஓர் ஆள் எழும்பினார். அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டவும் தண்ணீர் அள்ளவும் மட்டுமே வருகிற, சபையில் ஒருநாளும் வாய் திறக்காத என் அப்பா. தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தலைவர், என்ரை பெடியன் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் சொல்லுறான். ஒருத்தரும் எடுக்காட்டி, கொண்டுவந்து என்ரை தோட்டத்துக்கை கொட்டுங்கோ."

திரும்பத் தன் இடத்தில் இருந்துவிட்டார். அவ்வளவுதான். தட்டு நிறைவேறியது.

அன்னதானம் வெகு சிறப்பு. சனம் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றதைப் பார்க்க எனக்கு நெஞ்சு விம்மியது. சாம்பார் ஊறித் தட்டு வளைந்து ஓரிருவரின் வேட்டியில் ஊற்றியதை நான் பெரிதுபடுத்தவில்லை.

மறுநாள் குப்பை எடுக்கிற ரக்ரர் வந்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்த்த தொழிலாளி, இதை எடுக்க ஏலாது என்றார். சாப்பாடு பட்டுப் பிரண்ட கடதாசி, அதிலே மெல்லிய பிளாஸ்ரிக்கும் ஒட்டியிருக்கிறது, இரண்டையும் பிரிக்கிற மெசின் இங்கே இல்லை. நான் தட்டைத் திருப்பி அம்புகளைக் காட்டினேன். அவர் அம்புகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ரக்ரர் போய்விட்டது. பழைய கடதாசி வாங்குகிற கடைக்காரரும் அதையே சொன்னார். கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். தட்டு மீள்சுழற்சி செய்யத்தக்கதுதான் என்று மிக மரியாதையாக உறுதிப்படுத்தினார்கள். எங்கே என்று கேட்டபோது, அது உள்ளூர் ஏற்பாடுகளைப் பொறுத்தது என்றார்கள். அதுவும் மிக மரியாதையாகத்தான்.

சபை சொன்ன சொல் தவறாத சபை. உரப்பை உரப்பையாகக் கட்டி, கொண்டுவந்து எங்கள் தோட்டத்துக்குள் கொட்டினார்கள்.

வெங்காயம் நட வைத்திருந்த துண்டு அது. கிணற்றடிக்குப் பக்கத்தில், தண்ணீர் முதலில் பாய்கிற நல்ல செம்மண். நாய்கள் பையைக் கிழித்தன, காகம் கிளறியது, சோளகக் காற்று தட்டுகளைத் தூக்கிப் போய் அயல்வீட்டு வேலியில் வரிசையாகக் குத்தி வைத்தது. அம்புக்குறி வெளியே தெரியத்தான் குத்தியது. ஊரில் எனக்குத் 'தட்டுப் பட்டதாரி' என்று பெயர் விழுந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. கோயிலடியில் யாராவது ஏதாவது கடதாசியைக் கொண்டுவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், வழக்கமாக "என்ரை பெடியனிட்டைக் குடுங்கோ" என்று முந்திக்கொள்ளும் அப்பா, இப்போது துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

என்னை ஒரு சொல் ஏசவில்லை. மூட்டைகளைச் சுற்றி உழுதார்.

அந்த நாட்களில்தான் கைபேசியில் ஒரு செய்தியை வாசித்தேன். வெளிநாடுகளில் இதே அம்புக்குறிக்காகச் சனம் வழக்குப் போடுகிறதாம். ஒருமுறை குடித்துவிட்டு எறிகிற கோப்பை, பை, போத்தல் எல்லாவற்றிலும் மீள்சுழற்சி என்று அச்சடித்து விற்கிறார்கள், செய்கிற இடம்தான் இல்லை, அச்சை நம்பி வாங்கியவனை ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்கு. எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்ல முடியாது. உலகமெங்கும் என்னைப்போல் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோட்டுக்கும் போகிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு மேல்வகுப்பில் படித்துச் சட்டத்தரணியான சுதன் அண்ணையிடம் ஓடினேன். அவர் சிரிக்காமல் கேட்டார். (கடைசியில்தான் சிரித்தார்.) கோட்டுக்குப் போகமுன் நுகர்வோர் முறைப்பாடு ஒன்று கொடுப்போம், இரண்டு பகுதியையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், சரிவராவிட்டால் வழக்கு என்றார். பாதிக்கப்பட்டது அப்பாவின் நிலம், ஆகவே முறைப்பாட்டாளர் அப்பா. எனக்கும் ஓர் அறிவுரை இருந்தது.

"நீ வரலாம். ஆனால் வாயைத் திறக்காதை. உனக்கு விளக்கம் சொல்லுற வியாதி இருக்கு."

ஊரில் அதை ஒருவரும் முறைப்பாடு என்று சொல்லவில்லை. 'வழக்கு' என்றார்கள். அந்தச் சொல் கேட்டாலே அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். ஆனாலும், "முடிஞ்சால் உதுகளை எடுப்பினமோ?" என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வழக்கு எதற்கு என்று அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று நானும் கேட்கவில்லை.

விசாரணைக்கு முதல்நாள் அம்மாவிடம், நாலைந்து தட்டை ஒரு பையில் போட்டு வையுங்கோ, அதிகாரிக்குக் காட்டவேண்டும் என்று சொன்னேன். எங்கள் வாதத்தின் உயிரே அந்தத் தட்டுகளில்தான் இருந்தது. எண்ணெயும் குழம்பும் ஊறி, இனி எந்த மெசினும் தொடாத நிலையில் அவற்றை மேசையில் வைத்தால் போதும், பேச்சே தேவையில்லை என்று சுதன் அண்ணை சொல்லியிருந்தார்.

காலையில் அப்பாவைக் காணவில்லை. விடியவே வெளிக்கிட்டுவிட்டார், நேரே அங்கே வருவாராம் என்று தங்கச்சி சொன்னாள். நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். கொக்குவிலைத் தாண்டும்போது அம்மா யன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "உங்கை போறது அப்பா மாதிரிக் கிடக்கு" என்றா. எட்டிப் பார்த்தேன். மலைபோல் மூட்டை ஏற்றிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்று தெருவோரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவரின் தலையில் துவாய்க்கட்டு. யாழ்ப்பாணத்தில் லான்ட்மாஸ்ரருக்கும் துவாய்க்கும் பஞ்சமா, பேசாமல் இருங்கோ அம்மா என்றேன்.

விசாரணை அறை சின்னது. மின்விசிறிக்குக் கீழே அதிகாரி. ஒருபக்கம் நாங்கள், மறுபக்கம் கம்பனிக்காகக் கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு அக்கா, சிரித்த முகம். என்ன ஆபத்து வரப்போகிறது என்று நினைத்தேன். அப்பா வியர்த்து விறுவிறுத்து வந்து கடைசிக் கதிரையின் நுனியில் இருந்தார். அவரில் டீசல் மணத்தது.

சுதன் அண்ணை அழகாகத் தொடங்கினார். பாவித்த தட்டுகளை அதிகாரி கண்ணால் பார்க்கட்டும் என்று சொல்லி, அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கி, மேசையில் கவிழ்த்தார்.

வெள்ளைவெளேர் என்று இருந்தன. ஒரு பொட்டுக் கறை இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, நடுவில் பழைய துணி வைத்து, நூலால் கட்டியிருந்தது. அறை முழுக்கச் சவர்க்காரம் மணத்தது.

"இது பாவிச்ச தட்டுங்களா?" என்று கொழும்பு அக்கா கேட்டா.

அம்மா எழும்பி நின்றா. குப்பை போட்டதாகத் தன் மேல்தான் வழக்கு என்று அந்த நிமிசம் வரைக்கும் அவ நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"ஓம் பிள்ளை, பாவிச்சதுதான். கழுவி, வெயிலிலை காயவிட்டு எடுத்தனான். நாங்கள் ஊத்தையோடை கொண்டுவந்து வைக்கிற ஆக்கள் இல்லை. உதிலை நான் மிளகாயும் காயப்போடுறனான். எறியிற பழக்கம் எங்கடை வீட்டிலை இல்லை."

அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பினா. ஒருமுறை பாவித்துவிட்டு எறிகிற பொருள், மறுபடி எதற்கும் உதவாது என்பது முறைப்பாடு, முறைப்பாட்டாளரின் மனைவி அதைக் கழுவி மிளகாய் காயப்போடுகிறா என்று குறித்துக்கொள்ளும்படி கேட்டா. சுதன் அண்ணை நெற்றியைத் தடவினார். அம்மா தன் மானம் காப்பாற்றப்பட்ட திருப்தியோடு இருந்தா.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன்.

தட்டு கிடக்கட்டும், எழுதியிருப்பதைப் பாருங்கள் என்றேன். 'மீள்சுழற்சி செய்யத்தக்கது' என்று எழுதினால் வாங்குகிறவன் என்ன விளங்குவான்? சுதன் அண்ணை மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். அக்கா மெல்லக் கேட்டா.

"தம்பி, நீங்க தமிழ் படிச்சவர்தானே? 'உண்ணத்தக்கது'ன்னா, யாரோ ஒருத்தர் அதைச் சாப்பிட்டே ஆகணுமா?"

எத்தனை வருசம் படித்தேன், ஒருவரும் என்னிடம் இலக்கணம் கேட்டதில்லை. கேட்டார்களே என்ற சந்தோசத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. இல்லை அக்கா, 'தக்க' என்பது தகுதியை மட்டும்தான் காட்டும், செயல் நடந்ததையோ நடக்கப்போவதையோ காட்டாது என்று தொடங்கினேன். உதாரணங்கள் கொடுத்தேன். 'காணத்தக்கது' என்றால் கண்டாக வேண்டும் என்பதில்லை. 'மணக்கத்தக்கவன்' என்றால் மணமானவன் அல்லன். கையால் காற்றில் சொற்களைப் பிரித்துப் பிரித்துக் காட்டினேன். அதிகாரிகூடப் பேனையை வைத்துவிட்டுக் கவனித்தார்.

"அப்ப, 'செய்யத்தக்கது'ன்னு போட்டா, செய்வோம்னு நாங்க சொல்லலை. சரிதானே?" என்றா அக்கா.

"மிகச் சரி," என்றேன் நான்.

அந்த இரண்டு சொல்லை இன்றைக்கும் குளிக்கும்போது நினைத்தால் வாளித் தண்ணீரைத் தலையில் அப்படியே கவிழ்த்துவிடுவேன்.

அதிகாரி, முறைப்பாட்டாளர் ஏதும் சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். இரக்கத்தில்தான் கேட்டார். அப்பா எழும்பித் துவாயைக் கையில் எடுத்தார்.

"ஐயா, எனக்கு உந்தச் சொல்லுகள் விளங்கேல்லை. உதைச் செய்யிற இடம் எங்கை இருக்கு எண்டு சொன்னால் போதும். நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அக்கா சிரிப்பு மாறாமல், வசதியுள்ள இடங்களில் செய்யலாம் என்றா.

"அதுதான் பிள்ளை, அந்த இடத்துக்கு எந்தப் பக்கத்தாலை போறது? லான்ட்மாஸ்ரர் வெளியிலை நிக்குது. மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வழக்கு என்றால், கடைசியில் தீர்ப்பாக ஒரு விலாசம் தருவார்கள் என்று அப்பா நம்பி வந்திருக்கிறார். கொக்குவிலில் ஊர்ந்தது எங்கள் லான்ட்மாஸ்ரர்தான். டீசல் நிரப்பி, தோட்டத்தில் கிடந்த அவ்வளவையும் ஏற்றி, இங்கிருந்தே நேரே அந்த இடத்துக்குப் போக ஆயத்தமாக வந்திருக்கிறார்.

அக்கா தன் கடதாசிகளைப் புரட்டினா. கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தா. தாழ்வான குரலில் கேட்டா, காத்திருந்தா, மறுபடி கேட்டா. அப்பா விலாசத்தை மனப்பாடம் செய்ய ஆயத்தமாக நின்றுகொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன்.

வெளியே யாரோ கத்தினார்கள். சோளகம் எழும்பிவிட்டது. நாய் கிழித்து அம்மா கோணி ஊசியால் தைத்திருந்த மூட்டைகளின் வாய் பிரிந்து, தட்டுகள் கூட்டமாகக் கிளம்பி, தெரு முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. சைக்கிள்காரர் ஒருவரின் முகத்தில் ஒன்று. எதிர்க்கடைத் தேத்தண்ணீர் மேசையில் இரண்டு. நானும் அப்பாவும் துரத்தினோம். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு துரத்தினா. சுதன் அண்ணை கோட்டோடு துரத்தினார். அதிகாரி வாசலில் நின்று, அங்கை ஒண்டு, இங்கை ஒண்டு என்று காட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் கார்க் கண்ணாடியில் தட்டுகள் அப்பிக்கொண்டிருந்தன. அவ ஒன்றை உரித்தெடுத்தா. உள்பக்கத்தில் காய்ந்த பருப்பு. திருப்பினா. மூன்று பச்சை அம்புகள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றா.

நாங்கள் வென்றோமா என்று கேட்டால், இல்லை. கம்பனி எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அக்கா உள்ளே வந்து, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற லொறியில் நல்லெண்ணத்தின் பேரில் மூட்டைகளை ஏற்றிக்கொள்வார்கள் என்றா. தட்டில் எழுதியிருப்பதையும் 'மேலும் தெளிவாக்குவார்கள்' என்றா. அப்பா முதல் பாதிக்குத் தலையாட்டினார், இரண்டாம் பாதியைக் கேட்கவில்லை.

லொறி தோட்டத்து ஒழுங்கைக்கு வந்த அன்று, சபைத் தலைவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். "எடுக்கிறாங்கள்தான்" என்று ஒத்துக்கொண்டார். லொறி ஒழுங்கை திரும்பமுன்னமே அப்பா அந்தத் துண்டை உழத் தொடங்கிவிட்டார். அந்த மூட்டைகள் கொழும்பில் என்ன ஆயின என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. வேறு யாரோ ஒருவரின் தோட்டத்து மூலையில் அவை கிடக்கின்றன என்று சில நாள் தோன்றும். எங்கள் மண்ணை விட்டுப் போனதைத்தான் நாங்கள் கொண்டாடினோம், உலகத்தை விட்டு அவை எங்கும் போகவில்லை. இந்த நினைப்பு வருகிற நாளில் வெங்காயக் கறி அவ்வளவு இறங்காது.

அடுத்த திருவிழாவுக்கு வாழை தழைத்து, இலை வந்துவிட்டது. ஆனால் கம்பனியின் புதுத் தட்டு ஒன்று தபாலில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதே அம்புகள், அதே வரி. அதற்குக் கீழே எறும்புக் கால் அளவு எழுத்தில் இன்னொரு வரி. எனக்கே கண் இடுங்கியது. தங்கச்சிதான் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள் (வாசிப்பு இலாகா அவளுக்கு மாற்றப்பட்டுக் கனநாள்): "வசதியுள்ள இடங்களில் மட்டும்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. குழாயைத் திருத்தலாம் என்று நான் சொன்னால், "வசதியுள்ள இடங்களிலை மட்டுமோ அண்ணை?" என்பாள். அது வீட்டுக்குள் கிடந்தால் பரவாயில்லை. ஒருநாள் கலியாணத் தரகர் வந்து, தம்பிக்கு இப்ப கலியாண எண்ணம் எப்படி என்று விசாரித்தபோது, தேத்தண்ணீர் கொண்டுவந்தவள் கிளாசை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணை கட்டத்தக்கவர்தான். வசதியுள்ள இடங்களிலை மட்டும்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தரகர் சிரிக்கவில்லை. அவர் அதை விளங்கிக்கொண்ட விதத்தில் விளங்கிக்கொண்டு, வலிகாமம் பகுதி முழுக்கப் போய்ச் சொல்லியிருக்கிறார்: பெடியன் படிச்சவன், ஆனால் பெரிய இடம்தான் பாக்கிறான். சீதனம் வாங்கக்கூடாது என்று வாசிகசாலையில் மேசையில் தட்டிப் பேசியவன் நான். இன்றுவரைக்கும் அதை மறுத்துக்கொண்டிருக்கிறேன். மறுக்க மறுக்க, எவ்வளவு கேட்கிறான் என்றுதான் சனம் யோசிக்கிறது.

போன மாதம், தரகரை நம்பாத ஒரு பெண்ணின் தகப்பன் தானாகவே வந்தார். நல்ல மனிதர். தோட்டத்து வரம்பில் நின்று, சுற்றிவளைக்காமல் அப்பாவிடமே கேட்டார், பெடியன் எப்படி என்று. நான் கிணற்றடியில் கால் கழுவுகிற சாட்டில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அப்பா துவாயைத் தோளிலிருந்து எடுத்தார். பாத்தியில் நின்ற வெங்காயத்தைப் பார்த்தார்.

"நம்பத்தக்கவன்," என்றார்.

அந்தத் 'தக்க' அவர் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் என்ன வரப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். அப்பா துவாயைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். ஒன்றும் வரவில்லை.

அடுப்படி யன்னலில் தங்கச்சி தொண்டையைச் செருமினாள். அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் அதை வெறும் இருமலாகவே முடித்துக்கொண்டாள்.